விழித்திரையின் நிமித்த காரணம்

காரியம் தோன்றுமுன் காரணத்துக்குள் இருந்ததா, இல்லையா என்பது இந்தியத் தத்துவத்தின் பழைய வழக்கு. எள்ளில் உள்ளதால்தான் எண்ணெய் வருகிறது, மணலிலிருந்து வருவதில்லை என்றனர் சாங்கியர். அது சற்காரியவாதம். முன்பு இல்லாததே புதிதாகப் பிறக்கிறது என்றனர் நியாய வைசேடிகர். சைவ சித்தாந்தம் சற்காரியத்தை ஏற்றது. ஆனால் உள்ளிருப்பது தானாக வெளிப்படாது என்றது. மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், இரண்டையும் இயக்கும் குயவன் நிமித்த காரணம். கருவில் விழித்திரையின் நரம்பணுக்கள் உருவாகும் விதம் இந்த வழக்குக்குப் புதிய சாட்சியம் தருகிறது.

முதுகெலும்புள்ள உயிர்களின் விழித்திரையில் ஆறு வகை நரம்பணுக்களும், அவற்றைத் தாங்கும் முல்லர் அணுக்களும் உள்ளன. ஏழு வகையும் பொதுவான முன்னோடி அணுக்களிலிருந்து பிறப்பவை. எலியின் விழித்திரையில் தனித்தனி முன்னோடிகளை வைரஸால் அடையாளமிட்டு அவற்றின் சந்ததியைத் தேடிய டர்னரும் செப்கோவும், ஒரே அணுவிலிருந்து நரம்பணுவும் முல்லர் அணுவும் வருவதை 1987-இல் காட்டினர். பிறப்புக்கு ஒரு வரிசையும் உண்டு: பார்வை நரம்பை ஆக்கும் கேங்க்ளியான் அணுக்கள் முதலில், இருமுனை அணுக்களும் முல்லர் அணுக்களும் கடைசியில்.

இவை எல்லாவற்றிலும் டி.என்.ஏ. ஒன்றே. எந்த மரபணு எப்போது படியெடுக்கப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு. படியெடுப்புக் காரணிகள் என்னும் புரதங்கள் டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து சில மரபணுக்களை இயக்குகின்றன, சிலவற்றை அடக்குகின்றன. என்ஆர்எல் அத்தகைய ஒரு காரணி. அதை இழந்த சுண்டெலிகளின் விழித்திரையில் குச்சி அணுக்களே இல்லை என்பதும், அவற்றின் இடத்தில் குறுகிய அலைநீள ஒளியை உணரும் கூம்பு அணுக்கள் வளர்ந்திருந்தன என்பதும் 2001-இல் வெளியாயின. கூம்பாகவிருந்த அணுவில் என்ஆர்எல்லைச் செலுத்தினால் அது குச்சியாகிறது.

சாங்கியரின் எள் இங்கே போதவில்லை. எள்ளுக்குள் எண்ணெய் ஒன்றுதான். முன்னோடி அணுவுக்குள் ஏழு சாத்தியங்கள். அவற்றில் ஒன்று வெளிப்படுவது மற்றவை அடைபடுவதோடு சேர்ந்தே நடக்கிறது. அந்த அடைப்பும் முழுமையானதல்ல. வளர்ந்த சுண்டெலியில் என்ஆர்எல்லை நிறுத்தியபோது குச்சி அணுக்கள் ஓரளவு கூம்பின் தன்மையைப் பெற்றன. ஆற்றல் வடிவில் காரியம் காரணத்தில் உண்டு என்ற கொள்கை இதனால் வீழவில்லை. எதுவுமே முன்பு இல்லை என்ற கட்சிக்குத்தான் இது கூடுதல் சிக்கல்.

குயவனின் இருக்கையில் மரபணுவையே அமர்த்தும் ஆசை பலருக்கும் வருகிறது. 1995-இல் வால்டர் கெரிங்கின் ஆய்வுக் குழு பழ ஈயின் 'ஐலெஸ்' மரபணுவைக் காலிலும் இறகிலும் இயக்கியபோது அங்கெல்லாம் கண்கள் முளைத்தன. சுண்டெலியில் அதற்கு இணையான பாக்ஸ்6 மரபணுவும் ஈயில் கண்ணை வளர்த்தது. கண்ணின் தலைமை மரபணு என்ற பட்டமும் வந்தது. ஆனால் அந்த ஆய்வின் ஆழமான செய்தி வேறு. சுண்டெலியின் மரபணு வளர்த்தது ஈயின் கூட்டுக்கண்ணை, சுண்டெலியின் கண்ணை அல்ல. உருவம் பாக்ஸ்6-இன் கையில் இல்லை. அது எழுப்பிய சமிக்ஞையை ஈயின் அணுக்கள் தம் வழியில் நிறைவேற்றின. ஆகவே மரபணு துணைக்காரணம் என்பதே பொருத்தம். கர்த்தா என்ற பெயர் அதற்குப் பொருந்தாது.

இதைவிடக் கடினமான இடம் தற்செயல். பழ ஈயின் கண்ணில் புறஊதா ஒளியை உணரும் ஒரு வகை அணுவில் 'ஸ்பைன்லெஸ்' மரபணு ஏறத்தாழ 70% அணுக்களில் இயங்குகிறது, மற்றவற்றில் இல்லை. இயங்கினால் ஒரு நிறமி, இல்லையேல் இன்னொன்று. விகிதம் நிலையானது. எந்த அணுவில் எது என்பதோ ஈக்கு ஈ மாறுகிறது. காலம், இயல்பு, நியதி, தற்செயல் இவற்றில் எது மூலகாரணம் என்று சுவேதாசுவதர உபநிடதம் தொடக்கத்திலேயே வினவுகிறது. கண்கள் உருவாகும் விதத்தைப் பார்த்தால் இவை போட்டியாளர்களாகத் தெரியவில்லை: பிறப்பு வரிசையில் காலம், விகிதத்தில் நியதி, தனி அணுவின் தேர்வில் தற்செயல்.

கண்ணின் நுட்பத்தைக் காட்டி, அதைச் செய்தவன் ஒருவன் இருக்க வேண்டும் என்று வில்லியம் பேலி 1802-இல் எழுதினார். ஒவ்வோர் அணுவிலும் கைவைக்கும் கைவினைஞன் தேவையில்லை என்று இந்த ஆய்வுகள் காட்டுவதால் அந்த வாதம் தளர்கிறது. சைவ சித்தாந்த நூலான மெய்கண்டாரின் சிவஞானபோதம் நிற்கும் தளம் வேறு. தோன்றி நின்று ஒடுங்கும் உலகம் முழுமைக்கும் நிமித்த காரணம் வேண்டும் என்பதே அதன் வாதம். ஓர் உறுப்பின் அழகை அது சான்றாக நம்பியிருக்கவில்லை. விழித்திரை அந்த வாதத்தை நிறுவவும் இல்லை, மறுக்கவும் இல்லை.