சிக்கனமா, பெருமையா?

மலிவானதை வாங்குவதெல்லாம் சிக்கனம் ஆகாது. விலையுயர்ந்ததை வாங்குவதெல்லாம் ஆடம்பரமும் ஆகாது. இதனை நாம் மடிக்கணினி வாங்கி உணர்ந்தோம்.

பக்கத்துக் கடைக்காரர் வைத்திருக்கக் கண்டு, நம் கல்லா மேசைக்கும் ஒரு மேக்புக் ஏர் வாங்கினோம். அதில் நாம் எழுதுவதோ கொள்முதல் கணக்கும் சில கடிதங்களுமே. 8 ஜி.பி. நினைவகமுள்ள சாதாரணக் கணினியே அதற்குப் போதும். கல்லூரி செல்லும் மகளுக்கோ, "படிக்க இது போதும்" என்று பழையதொன்றை மலிவாக வாங்கித் தந்தோம். விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 14-10-2025-உடன் நின்றன. விண்டோஸ் 11-க்கு வேண்டிய டி.பி.எம். 2.0 வசதி அதில் இல்லை. "சமாளித்துக்கொள்கிறேன் வாப்பா" என்றாள் மகள். அச்சொல் நம்மைச் சுட்டது.

ஊர் பார்க்கச் செலவழித்தோம். உழைத்துப் படிப்பவளிடம் சிக்கனம் பேசினோம்!

வியாபார அன்பர்களே! எப்பொருளையும் வாங்குமுன் மூன்று வினாக்கள் கேளுங்கள். எந்த வேலைக்கு? எத்தனை ஆண்டுகளுக்கு? பிறர் பாராவிடினும் இதனை வாங்குவோமா? மூன்றாவது வினாவுக்கு நம்மிடம் விடையில்லை.

இப்போது மேக்புக் மகளிடம் இருக்கிறது. கடைக்கு விலை குறைந்த புதியதொன்று வந்துள்ளது. அதனால் வியாபாரம் ஒரு வெள்ளியும் குறையவில்லை.