குறியும் கருத்தும்

தேவதானப்பட்டி மாந்தோப்புகளில் காய்ப்புக் காலத்தில் கிளிகள் வந்திறங்கும். அங்கு வாழும் நம் பேரன், கிளி சுடவும் குறி பழகவும் ‘ஏர்கன்’ எனும் காற்றுத் துப்பாக்கி வேண்டினான். வாங்கித் தருதல் சிராவகர்க்குத் தகுமா?

கிளியைச் சுடுதல் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நமக்கோ அது, கொல்லும் நினைவோடு செய்யும் சங்கல்ப ஹிம்சை. அதற்கெனக் கருவி தருதலும் அனர்த்த தண்டங்களுள் ஒன்றான ஹிம்சாதானமாகும்.

காகிதக் குறியில் உயிரில்லையே எனலாம். உண்மை. 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் போட்டியில், குறியின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டரே. மூச்சும் மனமும் அடங்கினாலன்றி அது கைகூடாது. ஆயினும் யசோதர காவியத்தை நினைவிற் கொள்வோம். யசோதரன் பலியிட்டது மாவினாற் செய்த கோழியே. கொல்லும் கருத்து அதில் கலந்தமையால் விலங்குப் பிறவிகள் பல எய்தினான்.

ஆதலின் பேரனிடம் சொன்னோம்: வட்டக் குறி மட்டுமே, பறவை வடிவ அட்டையும் வேண்டா. பெரியோர் முன்னிலையில், கண்ணாடி அணிந்து, மண்மேட்டை நோக்கியே சுடல் வேண்டும். கிளிகளை ஓட்டத் தகரம் தட்டினாற் போதும். இவ்வுறுதியை அவன் மனமொப்பி ஏற்கும்வரை துப்பாக்கி வாங்குவதில்லை எனவும் முடிவு செய்தோம்.