தெளிவுள்ளபோதே எழுதுக

ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமானைச் சேவிப்போர் வராக சரம சுலோகத்தின் கருத்தை அறிவர். மனம் தெளிந்து, உடல் நலமுற்றிருக்கும்போது தன்னை நினைத்தவனை, அவன் கட்டைபோற் கிடக்கும் அந்திம காலத்தில் தானே நினைத்து நற்கதி சேர்ப்பதாக எம்பெருமான் அருளினான். உயிலெழுதுவதற்கும் அதுவே காலம். தெளிந்த மனத்தோடு எழுதி, இரு சாட்சிகளின் கையொப்பம் பெறவேண்டுமென்று 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும் விதிக்கின்றது.

யாருக்கு எழுதுவது? பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காக ஊரையும் வயலையும் விட்டுப் பெயர்ந்த குடும்பங்களில், முதுமையுற்று ஆதரவின்றி இருப்போர் நம் சுற்றுப்புறத்தில் உளர். அவர்கள் விட்ட மண்ணன்றோ நெய்வேலி நகரியத்தாரின் ஊதியமாயிற்று? பணிக்கொடையும் சேமநிதியும் பெற்றவர்கள், தம் மக்களுக்கு உரியது போக ஒரு பங்கை அம்முதியோரின் அன்னத்துக்கும் மருந்துக்கும் எழுதிவைத்தல் தகும். கோயிலுக்கே எழுதலாமே என்பர் சிலர். எழுதுக, தடையில்லை. ஆனால் சேதன அசேதனங்கள் யாவும் அவன் திருமேனி என்னும் நம் சித்தாந்தத்தில் பசித்த கிழவியும் அடக்கம்.

எழுதினால் மட்டும் போதாது. 1794இல் காலமான பச்சையப்ப முதலியார் தருமத்துக்கென்று எழுதிவைத்த பெரும்பொருள் நெடுங்காலம் வழக்கிற் சிக்கிற்று. நீதிமன்றம் தலையிட்ட பின்னரே, 1842இல் சென்னையில் அவர் பெயரால் பள்ளி தோன்றிற்று. ஆகவே உயிலை நிறைவேற்ற நாணயமுடையோரையே குறிப்பிடுக. பதிவு கட்டாயமன்று, செய்தல் நன்று. கருத்து மாறின், உயிருள்ளவரை மாற்றியெழுதவும் உரிமையுண்டு.