புல்லுக்கும் ஒரு ஞாயிறு

பதினேழு வருடமாகக் கோல்ஃப் ஆடுகிறவர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறேன். அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தது போன மே மாதம்தான்.

திருப்பூர் அனுப்பர்பாளையத்துக்குப் பக்கத்தில் என் தையல் யூனிட். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்து 28 மெஷின். ஏற்றுமதிக் கம்பெனிகள் துணியை வெட்டி அனுப்பும். நாங்கள் தைத்து, செக்கிங் முடித்து, கட்டுக் கட்டித் திருப்பி அனுப்புவோம். காலர் வைத்த டி-ஷர்ட்தான் எங்கள் கைக்குப் பழகிய வேலை. பிக்கே துணி, நெஞ்சில் பட்டி, மூன்று பட்டன், இரண்டு பக்கமும் சிறு பிளவு. பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஓர் அங்குலம் நீளமாக இருக்க வேண்டும் என்று அளவுத்தாளில் போட்டிருக்கும். அந்த ஓர் அங்குலத்தை ஆயிரக்கணக்கான பீஸில் டேப் வைத்து அளந்திருக்கிறேன். எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கோவையில் விடுதியில் ஒன்றாகக் கிடந்த நண்பர்கள் மூன்று பேர் அந்தச் சனிக்கிழமை வந்தார்கள். ஒருவன் சிங்கப்பூரில் இருக்கிறான், இன்னொருவன் சென்னையில். மூன்றாமவன் கோவையிலேயே இருந்தாலும் நாங்கள் பார்த்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஏழு மணிக்கு வந்தவர்களைத் துணிக்கட்டுகளின் மேல் உட்கார வைத்துவிட்டு நான் சம்பளம் போட்டுக்கொண்டிருந்தேன். திருப்பூரில் சனிக்கிழமை ராத்திரி என்றால் சம்பள ராத்திரி. கடைசிக் கவரைக் கொடுத்து நிமிரும்போது மணி ஒன்பதரை. சென்னைக்காரன் கேட்டான்: "ஏன்டா, இந்தப் பொம்பளைங்க எல்லாம் இனிமே போய்க் கடை சாமான் வாங்கி, சோறாக்கி, எப்பத் தூங்குவாங்க?" நாளைக்கு லீவுதானே என்றேன். அப்போது அது சரியான பதிலாகத்தான் பட்டது.

மறுநாள் விடியுமுன் பல்லடம் வழியாகச் செட்டிபாளையம் போனோம். அங்கே கோயம்புத்தூர் கோல்ஃப் கிளப் இருக்கிறது. 18 குழிகள் கொண்ட முழு மைதானம். கோவை நண்பன் அதில் உறுப்பினர். நான் ஆடவில்லை, கூட நடக்கத்தான் போனேன். "காலர் வெச்ச டி-ஷர்ட் போட்டுட்டு வாடா, இல்லைன்னா உள்ள விடமாட்டாங்க" என்று முன்னாடியே சொல்லியிருந்தான். எங்கள் யூனிட்டில் தைத்து, பட்டன் நிறம் மாறிப்போனதால் ரிஜெக்ட் ஆன ஒரு நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

மே மாத வெயிலுக்குப் பயந்து ஆறு மணிக்கே ஆட்டத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். மேற்கே பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. வேலியோரம் மயில்கள். சுற்றிலும் செம்மண் காடு காய்ந்து கிடக்க, நடுவில் அந்தப் பச்சை கண்ணுக்கு இதமாக இருந்தது. சிங்கப்பூர்க்காரன் குனிந்து பந்தை வைத்து, இடுப்பைத் திருப்பி வீசினான். அப்போதுதான் பார்த்தேன். அவ்வளவு முறுக்கியும் அவன் சட்டை முதுகில் ஏறவில்லை. அந்த ஓர் அங்குலம் அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பக்கப் பிளவு ஏன் இருக்கிறது, தோள் தையல் ஏன் அங்கே விழுகிறது என்று ஒவ்வொன்றாகப் புரிந்தது. பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்ட், இறுக்கமான முழுக்கைச் சட்டையை விட்டுவிட்டு 1926-இல் இதே மாதிரி காலர் வைத்த குட்டைக் கைப் பின்னல் சட்டையோடு களத்தில் இறங்கினார். 1933-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். உடம்பு தாராளமாக அசையட்டும் என்று வந்த சட்டை அது. அதை மெஷின் முன்னால் பன்னிரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து தைக்கிற ஊர் எங்களுடையது.

ஆட்டத்தின் வழக்கங்களில் இரண்டு எனக்கு ரொம்பப் பிடித்துப்போயின. குழியிலிருந்து யாருடைய பந்து தூரத்தில் கிடக்கிறதோ அவர்தான் முதலில் அடிக்க வேண்டும். முன்னே போனவர்கள் பின்தங்கியவருக்காக, பேசாமல் அசையாமல் நிற்கிறார்கள். இன்னொன்று, திறமை குறைந்தவருக்கு இத்தனை அடி சலுகை என்று முன்கூட்டியே கணக்கு வைத்துவிடுகிறார்கள். அதனால் கைதேர்ந்தவனும் கற்றுக்குட்டியும் சமமாக நின்று ஆட முடிகிறது. வாழ்க்கையில் வெவ்வேறு உயரத்துக்குப் போய்விட்ட எங்கள் நாலு பேருக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் கிடையாது. யார் எவ்வளவு சம்பாதிக்கிறான் என்ற பேச்சே அன்றைக்கு வரவில்லை. சென்னைக்காரனின் மனைவிக்குப் போன வருடம் உடம்பு சரியில்லாமல் போனதை ஒன்பதாவது குழிக்கு நடக்கும்போதுதான் அவன் சொன்னான். போனில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். அதைச் சொல்ல அவனுக்கு இப்படி நடக்க ஓர் இடம் வேண்டியிருந்திருக்கிறது.

பையைத் தூக்கி வந்த கேடிக்கு அறுபது வயது இருக்கும். பக்கத்து ஊர்க்காரர். ஒரு ஆட்டக்காரர் 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. அத்தனையையும் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மட்டையைக் கேட்கும் முன்பே எடுத்து நீட்டினார். இந்த ஆட்டத்தில் கேடிகளை லேசாக நினைக்கக்கூடாது. இந்தியன் ஓப்பனை 1991-இல் வென்று, அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரான அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்தவர். 2009-இல் அதே கோப்பையை வென்ற பெங்களூர் முனியப்பாவும் அப்படித்தான்.

"ஞாயித்துக்கெழமையும் வேலைங்களா?" என்று அவரிடம் கேட்டேன்.

"மத்தவிங்களுக்கு லீவுன்னாத்தானுங் நமக்கு வேலை. வார நாள்ல ஒரு நாள் எனக்கு உண்டுங். அதை மட்டும் ஆரு கேட்டாலும் உட்டுக்குடுக்க மாட்டனுங்."

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊர்தான் கோல்ஃபுக்குத் தாய்வீடு என்று சிங்கப்பூர்க்காரன் சொன்னான். ஒரு ஆட்டத்துக்கு 18 குழி என்பது 1764-இல் அங்கே அமைந்ததாம். அங்குள்ள பழைய மைதானத்தில் சில பெரிய போட்டிகள் தவிர ஞாயிற்றுக்கிழமை ஆட்டமே கிடையாது. வாரம் முழுக்க மிதிபட்ட புல் அன்றைக்கு ஓய்வெடுக்கும். ஊர்க்காரர்கள் பிள்ளைகளோடும் நாய்களோடும் அதன்மேல் உலாத்துவார்கள். கேடி இதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "புல்லுக்கும் லீவு வேணுமுல்லங்" என்றார்.

அடுத்த குழியில் என் போன் அடித்தது. எனக்கு வேலை கொடுக்கிற ஒரு கம்பெனியிலிருந்து பேசினார்கள். 600 பீஸ் திங்கட்கிழமை காலையில் வேண்டும், இன்றைக்கு ஒரு லைன் ஓட்ட முடியுமா என்றார்கள். நான் யோசிக்கவே இல்லை. சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, "ஏழெட்டுப் பேரை வரச் சொல்லுங்க, டபுள் சம்பளம் குடுத்துருவோம்" என்று சொல்லிவிட்டு, பச்சைப் புல்லில் நண்பர்களுக்குப் பின்னால் நடந்தேன். பேசி முடிக்க ஒன்றரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

மதியம் பல்லடம் பக்கம் உறவினர் ஒருவரின் தோட்டம். வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டில் போட்டிருந்தார்கள். நுங்கு வெட்டி வைத்திருந்தார்கள். அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் அப்பளமும் சாப்பிட்டுவிட்டு நால்வரும் படுத்தோம். அரைமணி நேரம் யாரும் பேசவில்லை. தூரத்தில் ஒரு தறிக்குடோன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வேப்பம்பழம் ஒன்று என் சட்டைமேல் விழுந்தது. எத்தனை வருடம் கழித்து இப்படிப் படுத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன், எண்ண முடியவில்லை.

வேலை நின்ற நாட்களை நான் பார்க்காதவன் இல்லை. 2011 ஜனவரியில் நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, துணி வராமல் என் மெஷின்கள் தூசி படிந்து நின்றன. யூனிட் ஆரம்பித்து மூன்று வருடம்கூட ஆகாத சமயம். 2020 ஊரடங்கில் ஊரே அடைத்துக் கிடந்தது. அந்த நாட்களில் வீட்டில் உட்கார்ந்திருந்தேன், ஆனால் தூங்கவில்லை. வருமானம் நின்றதால் கிடைக்கும் நேரத்தை ஓய்வு என்று சொல்ல எனக்கு மனம் வராது. நாளைக்கு வேலை இருக்கிறது, இன்றைக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள் என்ற இரண்டு நிச்சயமும் சேர்ந்தால்தான் உடம்பு கட்டிலில் சாய்கிறது.

அந்த இரண்டாவது நிச்சயத்தைத்தான் காலையில் நான் எட்டுப் பேரிடமிருந்து பிடுங்கியிருந்தேன். அது திங்கட்கிழமைதான் எனக்கு உறைத்தது.

ஓவர்லாக்கில் உட்காரும் பெண் ஒருத்தி. பதினோரு வருடமாக என்னிடம் வேலை செய்கிறாள். வழக்கமாகச் சிரித்துக்கொண்டே வணக்கம் சொல்பவள் அன்றைக்குத் தலை நிமிரவில்லை. "என்ன அம்மிணி, நேத்து வந்த அலுப்பா?" என்று கேட்டேன்.

"அலுப்பெல்லாம் ஒண்ணுமில்லீங்ணா. தாராபுரத்துலருந்து தங்கச்சி புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வந்திருந்தா. ரெண்டு வருசங் கழிச்சு வந்தா. கறி எடுத்து வெச்சிருந்தேன். போன் வந்துச்சு, வந்துட்டேன். நான் வூட்டுக்குப் போறப்ப அவ பஸ் ஏறிட்டா."

டபுள் சம்பளம் கொடுத்திருந்தேன். கணக்குப்படி எல்லாம் சரி. ஆனால் என் சிநேகிதர்கள் வந்த அதே நாளில்தான் அவள் தங்கச்சியும் வந்திருக்கிறாள். நான் என் விருந்தாளிகளோடு மரத்தடியில் படுத்திருந்த நேரத்தில் அவள் தன் விருந்தாளியை வீட்டில் விட்டுவிட்டு, யாரோ ஒருவர் ஓய்வு நாளில் போட்டுக்கொள்ளப் போகும் சட்டைக்குத் தோள் மூட்டிக்கொண்டிருந்தாள்.

வார ஓய்வு என்பது முதலாளி பார்த்துக் கொடுத்த சலுகை கிடையாது, தொழிலாளர்கள் போராடி வாங்கியது. 1923 மே 1-இல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரு நாள் விடுமுறை என்று எழுதி வைத்தது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எழுந்த எதிர்ப்பில், அந்த மே தினத்தன்றே அது திரும்பப் பெறப்பட்டது. எங்கள் ஊரிலோ ஒன்றரை ஷிப்ட் என்ற பெயரில் அந்தப் பன்னிரண்டு மணி நேரம் வெகு காலமாக நடக்கிறது. காலை எட்டரைக்கு நுழைந்தால் இரவு எட்டரை. நானும் அப்படித்தான் ஓட்டினேன்.

என் அப்பா பனியன் கம்பெனியில் டெயிலராக இருந்தவர். 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. எனக்குப் பத்து வயது. வீட்டில் கடன், அம்மா நகையை அடகு வைத்தாள். இருந்தும் அப்பாவை நான் நிஜமாகப் பார்த்தது அந்த நாட்களில்தான். சாயங்காலமானால் என் கையைப் பிடித்துக்கொண்டு நொய்யல் கரையோரம் நடப்பார். கம்பெனிப் பாட்டுப் போட்டியில் தான் பரிசு வாங்கியதை அப்போதுதான் சொன்னார். வேலைநிறுத்தம் முடிந்த பிறகு அவர் என்னோடு அப்படி நடந்ததே இல்லை. அந்த நடைக்கு அவருக்கு ஒரு போராட்டம் தேவைப்பட்டது என்பதை நினைத்தால் இன்றைக்கும் தொண்டையை அடைக்கிறது.

ஜூன் முதல் வாரத்திலிருந்து என் யூனிட்டில் இரண்டு விஷயம் மாறியிருக்கிறது. சம்பளக் கவர் சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே கைக்கு வந்துவிடும். அன்றைக்கு மாலை ஐந்தரைக்கு மெஷின் நிற்கும். கடை சாமான், துணி துவைப்பது, மாவாட்டுவது எல்லாம் சனிக்கிழமையே முடிந்தால்தான் பெண்களுக்கு ஞாயிறு ஞாயிறாக இருக்கும். இதை அந்த ஓவர்லாக் பெண்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை லைன் ஓடாது, யாருக்கும் போன் போகாது. ஒடிசாவிலிருந்து வந்து தங்கியிருக்கும் பையன்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமை சம்பளம் போச்சே என்று வருத்தப்பட்டார்கள். நியாயமான வருத்தம். பீஸ் ரேட்டைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தேன், முழுக்க ஈடுகட்ட முடியவில்லை. ஒரு கம்பெனியின் வேலை கைவிட்டும் போனது.

திருப்பூரில் என்னைப் போல ஜாப் ஒர்க் ஓட்டுகிற அண்ணன் தம்பிகளுக்குச் சொல்கிறேன். பெரிய கம்பெனிகளை மாற்ற நம்மால் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போனுக்கு "முடியாதுங்க" என்று சொல்ல நம்மால் ஆகும். வர்ற சனிக்கிழமை சம்பளத்தை மதியமே கொடுத்துப் பாருங்கள். ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒரு பெண்ணைக் கையில் கவரோடு நடுரோட்டில் நிற்க வைக்காதீர்கள். அவள் வீட்டுக்கும் யாராவது விருந்தாளி வந்திருப்பார்கள்.