வளர்ச்சியும் கட்டளையும்

ஊரும் உறவும் ஆயிரம் துன்பங்களில் உழன்றுகொண்டிருக்கையில், ஒருவன் தன் மனத்தின் மூலைமுடுக்குகளைத் துருவித் தன்னைச் செம்மைப்படுத்திக்கொள்வதிலேயே காலத்தைக் கழிப்பது சுயநலத்தின் சூட்சுமமான ஒரு வடிவந்தானே என்ற ஆட்சேபம் புதியதன்று. ஒரு காலத்தில் துறவியை நோக்கிச் சொன்னதை இன்று மனோதத்துவ வைத்தியரிடம் செல்பவரை நோக்கிச் சொல்கிறார்கள். இதற்கு நேர்நின்று விடை கூறியவர்களில் காரென் ஹார்னை அம்மையார் ஒருவர். 1885-இல் ஹாம்பர்க் நகரை அடுத்த ஓர் ஊரில், கண்டிப்பும் மதப்பற்றும் மிக்க கப்பல் தலைவரின் மகளாகப் பிறந்து, பெர்லினில் ஃபிராய்டின் மரபில் பயின்று, 1932-இல் அமெரிக்கா சென்று, 1941-இல் அம்மரபினரோடு பிணங்கித் தனிச் சங்கமே கண்ட அவர், 1950-இல் வெளியிட்ட ‘நியூரோஸிஸ் அண்ட் ஹியூமன் குரோத்’ என்ற நூலின் தொடக்கத்திலேயே வைத்தியத்தை ஒருபுறம் வைத்துவிட்டு ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறார்.

மனிதன் இயல்பிலேயே பாவி என்று கொண்டால் அவனை அடக்குவதே அறத்தின் வேலை. நன்மையும் தீமையும் கலந்தே பிறந்தான் என்று கொண்டால், பக்தியாலோ பகுத்தறிவாலோ மனோபலத்தாலோ நன்மையை வெல்லச் செய்ய வேண்டும். தன்னுள் உறையும் ஆற்றல்களை மலர்வித்துக்கொள்ளும் நாட்டம் அவனுக்கு இயற்கையாகவே உண்டு என்று கொண்டாலோ, அவ்வளர்ச்சிக்குத் துணைசெய்வது நன்று, தடைசெய்வது தீது என்ற அளவுகோல் ஒன்று வந்துவிடுகிறது. மூன்றாவதே அம்மையாரின் கட்சி. ஓக் மரத்தின் விதைக்கு மரமாகும் வித்தையை யாரும் கற்பிப்பதில்லை என்பது அவர் காட்டும் உவமை. பெர்லினில் பல்லாண்டு வாழ்ந்த ஒருவர், மகாயுத்தம் ஓய்ந்த ஐந்தாம் ஆண்டில் மனித இயல்பின்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்து எழுதினார் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

அந்த இயல்பான வளர்ச்சி எப்படித் தடம் புரள்கிறது என்பதையும் அவர் விளக்குகிறார். அன்பின்றி அச்சத்தில் வளரும் குழந்தை, உலகமே பகையென்னும் திகிலிலிருந்து தப்புவதற்காகத் தன்னைப் பற்றி மாசற்ற ஒரு கற்பனை உருவத்தைச் சமைத்துக்கொள்கிறது; நாளடைவில், உள்ளபடி இருக்கும் ஆளை வளர்க்க வேண்டிய சக்தியெல்லாம் அந்த விக்கிரகத்துக்கே நைவேத்தியமாகிவிடுகிறது. எப்போதும் பொறுமையாயிருக்க வேண்டும், யாவும் அறிந்திருக்க வேண்டும், எவரையும் நேசிக்க வேண்டும் என்று உள்ளிருந்து ஓயாமல் எழும் கட்டளைகளைக் கொடுங்கோன்மை என்றே அவர் வருணித்தார்.

பொறுமைக்குப் பேர்பெற்ற ஓர் உபாத்தியாயரை எண்ணிப் பாருங்கள். நோட்டுப் புத்தகத்தில் மையைக் கொட்டிவிட்ட சிறுவனைக் கன்னத்தில் அறைந்துவிடுகிறார். அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. மனச்சாட்சி உறுத்துகிறது என்று நாம் மெச்சிக்கொள்வோம். ஆனால் அவர் உள்ளத்தில் ஓடுவதோ “நானா அடித்தேன், நானா?” என்ற ஒரே பல்லவி, கன்னம் வீங்கிற்றா, பையன் வீட்டில் போய் என்ன சொன்னான் என்ற நினைப்பு ஒருமுறைகூட எட்டிப்பார்க்கவில்லை. மறுநாள் அவனிடம் கணக்கைக் கேட்காமல் அடுத்த பையனிடம் தாவுகிறார், ஏனெனில் தம் விக்கிரகம் உடைந்ததற்கு அந்த முகமே அத்தாட்சி. சில நாள் சென்றால் அவனைக் கண்டாலே எரிச்சல்கூட வரும். இத்தகைய குற்ற உணர்ச்சி எத்துணை உக்கிரமானதாயினும் அதற்கும் அறத்துக்கும் சம்பந்தமில்லை. செருக்கு தனக்குத் தானே விதித்துக்கொள்ளும் தண்டனை அது. பிறர் துன்பம் நுழைவதற்கே இடமில்லாதபடி தன்னால் நிறைந்து கிடப்பவன் இத்தகைய செருக்குடையவனே ஆகையால், தன்னை ஆராய்ந்து அந்த நெரிசலைக் குறைத்துக்கொள்வதைச் சுயநலம் என்பது பொருந்தாது. அம்மையார் அதனைத் தலையாய கடமை என்றார். பாக்கியம் என்றுங்கூடச் சொன்னார்.

ஆயினும் அடக்குமுறை வளர்ச்சியைக் குலைக்கும், தன்னை அறிந்து வளர்பவனிடமிருந்து தீய வேகங்கள் நாளடைவில் தாமே கழன்றுவிடும் என்று அவர் சொல்லும்போது என்னால் முழுச் சம்மதம் தர இயலவில்லை. உபாத்தியாயரின் வளர்ச்சிக்குப் பத்து வருஷம் பிடிக்கலாம். அதுவரை சிறுவர்கள் கன்னத்தைக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. ஓங்கிய கையை அந்தக் கணத்தில் நிறுத்துவதற்குப் பழைய அறநூலார் சொன்ன அடக்கமே வேண்டியிருக்கிறது. அது பையனைக் காப்பதற்கான ஏற்பாடு. அதையே தம் உள்ளம் பண்பட்டதற்கு அடையாளமாக அவர் எண்ணிக்கொள்ளாதவரை அதில் கேடில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. ‘நான் வளர வேண்டும்’ என்பதே அந்தக் கட்டளைகளின் வரிசையில் போய் நின்றுகொள்ளக் கூடியது. ஜபத்தில் மனம் சிதறிற்றே என்று தன்னையே சபித்துக்கொள்ளும் சாதகனுக்கும் இதே கதிதான். மறைவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1952-இல், அம்மையார் ஜப்பானுக்குச் சென்று ஜென் மடங்களைக் கண்டுவந்ததற்கு இந்தச் சங்கடத்துக்கு வழி தேடியதும் காரணமாயிருக்கலாம் என்பது என் ஊகமே. தம்மிடம் வருவோர் ஒரு குறையைக் கண்டுகொண்ட மாத்திரத்தில் அது ஒழிந்தாக வேண்டும் என்று பதறுவதை அவர் நன்கு அறிந்திருந்தார். அந்தப் பதற்றத்தையும் நோயின் ஒரு கூறாகவே கொண்டு, முதலில் அதைப் பற்றித்தான் வைத்தியர் பேச வேண்டியதாகிறது.