ஆரூர்க் கன்றும் அயலார் நோன்பும்

திருவாரூர் என்றதும் தேர்க்காலில் மாண்ட கன்றே நம் நினைவிற்கு வருகிறது. அக்கன்றின் உயிருக்கு ஈடாகத் தன் மைந்தனையே தேர்க்காலில் இட்டான் மனுநீதிச் சோழன் என்பர். ஒரு பசுவின் துயரும் அரசவையில் வழக்காகத் தக்கது என்பதே அக்கதை உணர்த்தும் அறம்.

அம்மாவட்டத்துத் தீபங்குடியில் ஆதிநாதரைத் தொழும் நாம், அயலிலுள்ள வேளாங்கண்ணிக்குக் காவியுடுத்தி நடந்து செல்லும் கிறித்துவ அன்பர்களையும் காண்கிறோம். செப்டம்பர் 8 திருநாளை முன்னிட்டு அவர்களுட் பலர் புலால் நீக்கி நோன்பிருப்பர். தவக்காலத்து நாற்பது நாளும் அவ்வாறு இருப்போரும் உளர். "சில நாள் விட்டுப் பின் உண்பதில் என்ன அறம்?" என்று நம்மவர் சிலர் நகைப்பதுண்டு. அந்நகை முறையா என எண்ணிப் பார்ப்போம்.

வேறுபாடு உண்மையே. அந்நோன்பில் துறக்கப்படுவது சுவை. புலனடக்கமே அதன் நோக்கம். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் டி நொபிலி அடிகள் புலாலை விட்டுத் துறவியாய் வாழ்ந்ததும் இந்நாட்டு மேற்குலத்தார் தம்மை ஏற்க வேண்டும் என்பதற்காகவே. திருக்குறளின் புலால் மறுத்தலோ உண்பவனை மட்டுமன்றி, உண்ணப்படும் உயிரையும் நோக்குகிறது.

ஆயினும் அச்சமயத்தில் ஜீவகாருண்யம் இல்லை என்பது பிழை. விவிலியத்தின் முதல் நூலில், படைப்பின் தொடக்கத்தில் மனிதனுக்கு உணவாகத் தரப்பட்டவை வித்துடைய பயிர்களும் கனிகளுமே. ஊனுண்ண இசைவு பெருவெள்ளத்திற்குப் பின்னரே வருகிறது. 1809இல் இங்கிலாந்தில் வில்லியம் கௌஹர்டு என்னும் போதகர் தம் சபையாரைப் புலால் விடச் செய்தார். 1824இல் இலண்டனில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் தோன்ற முன்னின்ற ஆர்தர் புரூம் பாதிரியார், அச்சங்கத்தின் கடனுக்காகச் சிறையும் புகுந்தார். விலங்குகளின் பொருட்டுச் சிறை புகுந்தவர் நம்முள் எத்தனை பேர்?

ஆகவே வினா நம்மை நோக்கித் திரும்புகிறது. நாம் பிறப்பால் புலால் உண்ணாதவர், முயன்று துறந்தவரல்லர். பழக்கத்தால் உண்ணாமை வேறு, கருணையால் மறுத்தல் வேறு. நம் இல்லத்துப் பாலும் நெய்யும் எப்பசுவினுடையவை? அப்பசு ஈன்ற காளைக்கன்று என்னவாயிற்று? உழவுக்கு டிராக்டர் வந்தபின் காளைக்கு வயலில் வேலை குறைந்தது. வளர்ப்பாரற்ற கன்று பெரும்பாலும் சந்தைக்கும், அங்கிருந்து கொலைக்களத்திற்கும் செல்கிறது. நம் இலையில் ஊன் இல்லை. ஆனால் அவ்வினையில் நமக்குப் பங்கே இல்லை எனக் கூற இயலுமா?

மனம், மொழி, மெய்களால் தானும் செய்யாமை, பிறரைச் செய்விக்காமை, செய்வதற்கு உடன்படாமை என்றே நம் அறம் கொல்லாமையை வகுத்துள்ளது. ஆதலின் பாலின் அளவைக் குறைப்போம். இயன்றோர் அதனை விடுவோம். கன்றைக் கைவிடாத உழவரிடமே வாங்குவோம். அயலாரின் நாற்பது நாள் நோன்பை நகையாது போற்றுவோம். சுவையடக்கத்தில் தொடங்கியது அருளில் முடிதலும் கூடும். ஆரூர்ப் பசு அன்று அசைத்த மணி இன்று நம் வாயிலிலும் ஒலிக்கிறது. செவி சாய்ப்பது நம் கடன்.

அறம் வளர்க!