'முடியாது' என்னும் சொல்லுக்கு இடம்

"சிறுநீரகம் தேவை, ஓ பாசிட்டிவ், தயவுசெய்து பகிருங்கள்." தென்காசியில் சாரல் பிடித்து, குற்றாலத்துக்கு ஊரே திரண்டு போகும் நாளிலும் இப்படியொரு வேண்டுகோள் நம் கைபேசிக்கு வருகிறது. படிக்கிறோம், கலங்குகிறோம், கடந்து போகிறோம். கேட்டவரைக் குறை சொல்ல நமக்கு நாக்கு வரக்கூடாது. பெற்ற பிள்ளை டயாலிசிஸில் கிடக்கையில் ஊர் முன்னால் கையேந்துவது இழிவே அல்ல.

செங்கோட்டை தாண்டிப் புளியரையைக் கடந்தால் கேரளம். அங்கே 2009-இல் டேவிஸ் சிரமேல் என்னும் பாதிரியார் உறவல்லாத ஒருவருக்குத் தம் சிறுநீரகத்தைக் கொடுத்தார். 2011-இல் தொழிலதிபர் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி ஒரு லாரி ஓட்டுநருக்குக் கொடுத்தார். அந்த ஓட்டுநரின் மனைவி தம்முடையதை இன்னொரு நோயாளிக்குக் கொடுத்தார். இரத்த உறவுக்கு அப்பாலும் அன்பு செல்லும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் ஒன்றை நினைக்க வேண்டும்: பாதிரியாரும் தொழிலதிபரும் மறுத்திருக்க முடியும். மறுத்திருந்தாலும் அவர்கள் வாழ்வில் எதுவும் குறைந்திராது.

எல்லோராலும் அப்படி மறுக்க இயலாது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்துச் செய்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. அவர்களில் 96 விழுக்காட்டினர் கடனை அடைக்க விற்றவர்கள். அப்படி விற்றவர்களில் 74 விழுக்காட்டினருக்கு அப்போதும் கடன் தீரவில்லை. குடும்ப வருமானமோ சராசரியாக மூன்றில் ஒரு பங்கு சரிந்திருந்தது. பணம் தருவதாகச் சொல்லி உறுப்பு கேட்கும் விளம்பரத்தை 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. ஆயினும் வேண்டுகோளில் பணம் என்ற பேச்சே இல்லாவிட்டாலும், வட்டிக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவன் காதில் அது பணமாகத்தான் விழும்.

அப்படியானால் வீட்டுக்குள் கேட்பது தூயதா? 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த 36,640 உறுப்பு மாற்று அறுவைகளில் உறுப்பு பெற்ற பெண்கள் 6,945 பேர்தான். உயிரோடிருந்து கொடுத்தவர்களிலோ பெரும்பாலோர் பெண்கள், மனைவியரும் தாய்மாரும். இதில் அன்பு எவ்வளவு, வாய் திறக்க முடியாமை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் ஆகாது. ஊரறியக் கேட்கும்போதாவது முகமறியாதவர் விலகிப் போகலாம். கூடத்தில் எல்லோரும் கூடியிருந்து ஒருத்தியை மட்டும் பார்க்கும்போது அவள் எங்கே விலகுவாள்?

ஆகவே, கேட்பது வெளியிலா வீட்டிலா என்பதைவிட, கேட்கப்பட்டவர் கடனுக்கோ உறவுக்கோ ஊர்ப்பேச்சுக்கோ அஞ்சாமல் மறுத்துவிட்டு, மறுநாளும் தலைநிமிர்ந்து நடக்க இயலுமா என்பதே அந்த வேண்டுகோளின் அறத்தை அளக்கும் கோல் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் மறுக்க முடியாதவனிடமிருந்து வருவதை நாம் தானம் என்று அழைக்கலாமே தவிர, அது தானமாகிவிடுவதில்லை. கொடுக்க வந்தவரை மருத்துவர்கள் தனியே அழைத்து மனம் அறிவது இதற்காகத்தான். அவர் தயங்கினால், காரணத்தைத் தமக்குள் வைத்துக்கொண்டு, "இவர் கொடுக்க ஏற்றவர் இல்லை" என்று மட்டும் குடும்பத்தாரிடம் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. மறுத்தவர் அன்று மாலையே திரும்ப வேண்டியது அதே வீட்டுக்குத்தான்.